எட்டு வருஷத் தண்ணீர்

வெருலம் நர்சரியில் வாங்கியபோது முழங்கால் உயரம்.
சீட்டில் வேறு ஏதோ பெயர்.
இலையைத் திருப்பிப் பார்த்து
கொன்றைதான் என்றேன்.
மூன்றாம் வருஷம் பூக்கும் என்றான் சாக்ரன்.
ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

டோங்காட்டில் எங்கள் வீட்டு மண் சிவப்பு.
இரண்டடிக் குழி, மாட்டெரு,
மேலே காய்ந்த கரும்புத்தோகை.
மருந்துக்கடை வேலை முடிந்து வந்தால்
வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஹோஸ் பைப்பைத்தான் எடுப்பேன்.
இருபது நிமிடம்.
ஞாயிறு என்றால் நாற்பது.

வளர்ந்தது. குறை சொல்ல முடியாது.
கூரையைத் தாண்டி, டெலிபோன் கம்பியைத் தாண்டி
கையகல இலையாய் விட்டுக்கொண்டே போனது
பூவைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காமல்.

அக்டோபரில் அடுத்த தெரு ஜக்கரண்டா
கார்களின் மேல் ஊதாவைக் கொட்டி ஓயும்.
பிறகு தபாலாபீஸ் வாசலில் தீக்கொன்றை.
என் மரத்தில் குரங்குகள் வந்து உட்காரும்,
தின்ன ஒரு மொட்டும் இல்லாமல்
தண்டேகா வீட்டுக் கொய்யாவுக்குத் தாவிவிடும்.
பூபாலன் சொல்வார்:
இது மரமில்லை, தண்ணீர் பில்.

அந்த ஏப்ரல் வெள்ளம்
ஊருக்கு நீர் சுத்தம் செய்யும் நிலையத்தைப்
பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது.
ஆற்றில் கரை புரண்ட தண்ணீர்,
குழாயில் காற்று.

மே. ஜூன். ஜூலை.
லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது.
பெயிண்ட் வாளி, ஊறுகாய் வாளி,
யாரோ ஒரு குழந்தையின் குளியல் தொட்டி
எங்களுக்கு முன்பே போய் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.
தண்டேகா போனால் அவள் வாளிக்கு நான் காவல்,
நான் போனால் அவள்.
ஒரு குவளையில் முகம்,
அதே நீரில் கால்,
அதே நீர் கடைசியில் கழிப்பறைக்கு.
மரத்துக்கு மிச்சம் வைக்க மனம் இருந்தது,
வாளியில் இல்லை.

ஆகஸ்டில் கரும்புக்காடு எரித்த சாம்பல்
கருப்புச் சுருளாய் வந்து இலைமேல் படிந்தது.
இலை பழுத்தது.
உதிர்ந்தது.
இரவில் டார்ச்சோடு போய்
நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பேன்.
பச்சை.
அடுத்த வாரம் இன்னொரு இடத்தில். பச்சை.
பூபாலன் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டு
கராஜில் என் கண்ணில் படும்படி மாட்டியிருந்தார்.

நவம்பரில் மழை வந்தது. குழாய் வரவில்லை.

பள்ளிக்கூடங்கள் மூடிய வாரம்.
காலை ஆறுக்கு லாரியின் ஹார்ன்.
வாளியோடு கதவைத் திறந்தவள்
வாளியைக் கீழே வைத்தேன்.
இலையே இல்லாத கொம்புகளில்
முழம் போட்டு விற்கிற கணக்கில்
மஞ்சள்,
கம்பிக்கு மேலும் கீழும், சாக்கடைமீதும்,
வரிசையில் நின்றவர்களின் தலைக்கு நேராகவும்.
டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தான்.
மூன்று குரங்குகள் ஏற்கெனவே சாப்பிட உட்கார்ந்தாயிற்று.

தண்டேகா கேட்டாள்: என்ன உரம் போட்டாய்?
ஒன்றும் போடவில்லை என்றேன்.
எட்டு வருஷத்தில் முதல்முறையாக
ஒன்றுமே.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.
எனக்கு வந்தது கோபம்.
வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே
என்று அடிமரத்தைப் பார்த்துக் கேட்டேன்.
பட்டை முழுக்க என் நகத்தடம்.
கோயில் ஆட்கள் கூடையோடு வந்தார்கள்.
விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே போய்விட்டேன்.

ஓர் இரவு இரண்டு மணிக்கு
குழாய் இருமியது. காற்று,
பழுப்பாய்க் கொஞ்சம், பிறகு தண்ணீர்.
பூபாலன் வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் நிரப்பினார்,
இட்லிச் சட்டிகூட.

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன்,
பழக்கம்.
ஹோஸ் பைப்பின் வாயை மண்ணால் அடைத்து
குளவி கூடு கட்டியிருந்தது.
குச்சியைத் தேடினார் பூபாலன்.
விடுங்கள் என்றேன், உள்ளே புழு இருக்கும்.
குளவிக்காகத்தான்
என்றும் சொல்லி வைத்தேன்.